ஒற்றைப்படை வரிசையில் நின்றவர்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் தாதியாகப் பணிபுரிகிறேன். கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் 1905ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி ஓராண்டு நடந்த அரிசிச் சோதனையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். டாக்டர் வில்லியம் பிளெட்சர் செய்ததை ‘மன்னிக்கத்தகாதது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அந்தச் சோதனை நடந்திராவிட்டால் பெரிபெரி நோயால் இன்னும் எத்தனை பேர் மடிந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? எங்கள் மருந்து அலமாரியில் அந்நோய்க்கான வைட்டமின் பி1 மாத்திரை இருக்கிறது. செயலைக் கண்டித்துவிட்டு அதன் பலனை மட்டும் வைத்துக்கொள்வது நேர்மையா? ‘பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்று வள்ளுவரே விளைவைக் கொண்டுதானே செயலை அளக்கிறார்?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி,
பட்டர்வொர்த்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. என் கட்டுரை அதற்கு இடம் கொடுக்காமல் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டது. அதைப் படிக்காதவர்களுக்காக நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்நாளில் மலாயாவில் பெரிபெரி சீனத் தொழிலாளர்களிடையே பெருஞ்சாவை விளைவித்துக்கொண்டிருந்தது. தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டிற்கு அரிசியே காரணம் என்று கருதினார். சீனர்கள் தீட்டிய சயாம் பச்சரிசியை உண்டார்கள். தமிழர்கள் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியை உண்டார்கள். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதும், அச்சத்துக்குப் பிற்காலத்தில் பி1 என்று பெயர் வரும் என்பதும் அன்று யாருக்கும் தெரியாது. (எங்கள் வீட்டில் பச்சரிசி பொங்கலுக்கு மட்டுமே வரும். நோய்க்குத் தப்பிய ஒரு தலைமுறையின் பழக்கத்தைத்தான் பாட்டி காத்துவந்தார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.)

பிளெட்சர் தம் பொறுப்பிலிருந்த மனநோயாளர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் கிழக்குப்புறக் கட்டடத்தில் தங்கி, முன்போலவே சயாம் அரிசியை உண்டார்கள். இரட்டைப்படை எண் பெற்றவர்கள் மேற்குப்புறம் சென்று புழுங்கல் அரிசியை உண்டார்கள். நோய் கட்டடத்தில் இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, இடையில் இரு சாராரையும் இடம் மாற்றினார். நோய் கட்டடத்தில் தங்கவில்லை, அரிசியோடு சென்றது. ஆண்டு முடிவில் சயாம் அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். மறுபக்கத்தில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை.

பிளெட்சருக்காகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதத்தை நீங்கள் சொல்லவில்லை; நானே சொல்கிறேன். அவர் யாருக்கும் புதிதாக நஞ்சு கொடுக்கவில்லை. அந்த விடுதியில் பெரிபெரி ஏற்கெனவே பரவியிருந்தது. ஒற்றைப்படை வரிசையினர் அதுவரை உண்டதையே தொடர்ந்து உண்டார்கள். பாதிப் பேருக்கு உணவு மாறியதால் அவர்கள் பிழைத்தார்கள். சோதனையே இல்லாதிருந்தால் இரு வரிசையிலும் சாவு விழுந்திருக்கும். இதை எண்ணிப் பார்த்த பிறகு, சோதனையைத் தொடங்கியதற்காக அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எது உண்மை என்று தெரியாதவன் தெரிந்துகொள்ள முனைவதில் கொடுமை இல்லை.

ஆனால் தொடங்குவதும் தொடர்வதும் வெவ்வேறு செயல்கள். மாதங்கள் செல்லச்செல்ல ஒரே பக்கத்தில் மனிதர்கள் கால் வீங்கிப் படுத்தார்கள். ஐயம் எந்த நாளில் முற்றிலும் நீங்கியது என்று வாதாடிக்கொண்டிருக்கலாம். இடம் மாற்றியும் நோய் அரிசியையே பின்தொடர்ந்தது கண்ணெதிரே தெரிந்த பிறகும், ஆண்டு நிறையும்வரை அந்த வரிசையின் தட்டில் அதே அரிசிதான் விழுந்தது. நீங்கள் சொல்லும் நன்மை, பெரிபெரிக்குக் காரணம் அரிசி என்னும் அறிவு, அதற்குள் பெரும்பாலும் கைக்கு வந்துவிட்டது. பிந்திய மாதங்கள் அந்த அறிவுக்கு மேலும் கொஞ்சம் உறுதியைத் தந்தன. அந்த உறுதிக்கான விலையைத் தங்கள் பராமரிப்புக்கென்று அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தவர்கள் கொடுத்தார்கள். நோயாளியின் சம்மதம் வேண்டும் என்ற விதி 1947இல் நாஜி மருத்துவர்கள் மீதான நியூரம்பர்க் தீர்ப்போடுதான் எழுத்தில் வந்தது என்று சிலர் சொல்வார்கள். தன் கண்காணிப்பில் இருப்பவனைக் காப்பது மருத்துவன் கடமை என்பது அதைவிட மிகப் பழையது. அதற்கு நியூரம்பர்க் தேவையில்லை.

வேறு வழியே இல்லை என்பதும் சரியன்று. 1907இல் மருத்துவ ஆய்வாளர்களான ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் டுரியான் திப்புஸ் காட்டுப்பகுதியில் வேலை செய்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே கேள்வியைச் சோதித்தார்கள். பச்சரிசி உண்ட பிரிவில் நோய் தலைகாட்டியபின் புழுங்கல் அரிசிக்கு மாற்றினார்கள். நோய் பரவுவது நின்றது. அந்தத் தொழிலாளர்களும் முழுச் சுதந்திரத்தோடு இணங்கினார்கள் என்று நான் நம்பவில்லை. ஆயினும் நோயைக் கண்டதும் உணவை மாற்றிய கை, மாற்றாத கையைவிட நியாயத்துக்கு அருகில் இருந்தது. அறிவும் கிடைத்தது.

விளைவு செயலை நியாயப்படுத்தும் என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது, அந்த வாக்கியத்தை யார் சொல்கிறார்கள் என்பதை நான் கவனிக்கிறேன். பலனைப் பெற்றவர்கள்தான் சொல்கிறோம். விலை கொடுத்தவர் யாரும் அதைச் சொல்லும் நிலையில் இல்லை. பிளெட்சர் தம் உடலையே சோதனைக்கு வைத்து இறந்திருந்தால், பலன் பெரிதென்று கணக்கிட அவருக்கு முழு உரிமை இருந்திருக்கும். மறுக்கவோ, வேறு சோறு கேட்கவோ, வெளியேறவோ முடியாதவர்களின் சார்பில் அந்தக் கணக்கைப் போடும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது? அரிசிக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று முடிவு வந்திருந்தால் நாம் அவரை இன்று நினைத்தும் பார்த்திருக்கமாட்டோம். செயல் அதே செயலாகத்தான் இருந்திருக்கும்.

குறளுக்கு வருகிறேன். அதில் ‘நன்மை’ என்ற சொல் தனியாக நிற்கவில்லை. ‘புரைதீர்ந்த நன்மை’ என்று நிற்கிறது. குற்றம் எதுவும் கலவாத நன்மை அது. பதினெட்டு உடல்களின் மேல் வந்த நன்மையை அந்த அடைமொழிக்குள் என்னால் கொண்டுவர முடியவில்லை. மேலும் அக்குறள் பேசுவது சொல்லைப் பற்றி. உயிரைப் பற்றி வரும்போது வள்ளுவரே ‘நன்றாகும் ஆக்கம் பெரிதெனினும் சான்றோர்க்குக் கொன்றாகும் ஆக்கங் கடை’ என்கிறார். ஆக்கம் பெரிதாகவே இருக்கலாம் என்பதை மறுக்காமல்தான் இப்படிச் சொல்கிறார்.

அப்படியானால் மாத்திரையை என்ன செய்வது? தயங்காமல் கொடுங்கள். உங்களிடம் வரும் நோயாளி எந்தத் தவறும் செய்யவில்லை. அவருக்கு மறுத்தால் இறந்தவர்களில் ஒருவரும் எழுந்து வரப்போவதில்லை. பலனைப் பெறுவது வேறு, செயலுக்குச் சான்றிதழ் கொடுப்பது வேறு. சோதனை நியாயமானது என்று முடிவு கட்டிவிட்டால் நாம் யாருக்கும் எதுவும் கடன்படவில்லை என்றாகிவிடும். அந்தப் பதினெட்டுப் பேர் ஒரு அட்டவணையில் எண்ணாக மட்டும் மிஞ்சுவார்கள். நியாயமானதல்ல என்று சொல்லிக்கொண்டே மாத்திரையைக் கையில் எடுக்கும்போது கடன் கடனாகவே இருக்கிறது. அதில் நேர்மைக்குறைவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு திருத்தம் செய்யவேண்டியிருக்கிறது. ‘மன்னிக்கத்தகாதது’ என்று நான் எழுதியது பிழை. மன்னிப்பதும் மறுப்பதும் அந்த ஒற்றைப்படை வரிசையில் இறந்தவர்களுக்கு உரியவை. எனக்கு அதில் இடமில்லை. கட்டுரையில் அந்தச் சொல்லை நீக்கி, ‘நியாயப்படுத்த முடியாதது’ என்று மாற்றியிருக்கிறேன். தொடங்கியதற்கும் தொடர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டையும் அங்கே சேர்த்திருக்கிறேன்.

அன்புடன்.