பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால், பிள்ளையின் ஆபரேஷனுக்கு சித்தி கையெழுத்து போடலாமா?

அக்காவும் அத்தானும் மஸ்கட்டில், பிள்ளைகள் மார்த்தாண்டத்தில் உங்களோடு. ஆஸ்பத்திரியில் உங்கள் கையெழுத்து செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கருங்கல் பக்கம் அக்கா மகனை வளர்க்கிற சித்திதான்.

உயிருக்கு ஆபத்து என்றால் யார் கையெழுத்துக்காகவும் சிகிச்சை நிற்கக்கூடாது. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, பக்கத்தில் எதுவோ, அங்கே போய்விடுங்கள். அக்காவுக்கு வண்டியில் ஏறிய பிறகு போன் போடலாம்.

பிள்ளைக்கு 12 வயது ஆகவில்லையென்றால் பாரதிய நியாய சன்ஹிதா 27-ஆம் பிரிவு (பழைய இ.பி.கோ. 89) உங்களுக்குத் துணை. பாதுகாவலர் மட்டுமல்ல, குழந்தையைச் சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவர் சம்மதித்து, அதன் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்று அதில் இருக்கிறது. ஆனாலும் இது டாக்டருக்கான பாதுகாப்பு. உங்கள் கையெழுத்தை ஏற்றே தீரணும் என்று ஆஸ்பத்திரியை இது கட்டாயப்படுத்தாது. 12 தாண்டினாலும், 18 ஆகும்வரை பெரியவர் கையெழுத்து கேட்பார்கள்.

சிக்கல் வருவது நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனில்தான். எங்கள் பிள்ளை மதிலில் இருந்து விழுந்து நெற்றி கிழிந்தது, முழங்கையும் முறிந்தது. ராத்திரி தையல் போட என் ஒரு கையெழுத்தே போதுமாக இருந்தது. மறுநாள் கம்பி வைக்க மயக்க மருந்து கொடுக்கணும் என்றதும், "அப்பாவோ அம்மாவோ சொல்லணும்" என்று நர்ஸ் ஃபாரத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அக்கா டியூட்டியில், போன் லாக்கரில். அவள் வெளியே வந்து டாக்டரிடம் வீடியோ காலில் பேசி, கையெழுத்துப் போட்ட கடிதத்தை வாட்ஸப்பில் அனுப்பும்வரை, பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தான். அவன் உதடு காய்ந்து கிடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் அவர்கள் அடுத்த லீவுக்கு வரும்போதே கடிதம் வாங்கி வைத்துவிடுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, உங்கள் பெயர், உறவு, மயக்க மருந்தும் ஆபரேஷனும் உட்பட எதற்கெல்லாம் சம்மதம், அவர்களின் அங்குள்ள நம்பர், வேலையிட நம்பர் எல்லாம் இருக்கட்டும். அப்பா அம்மா இருவருமே கையெழுத்துப் போட்டு நோட்டரியிடம் சான்று வாங்குங்கள். நீங்கள் இல்லாத நேரத்துக்கு பாட்டி பெயரையும் சேருங்கள். ஆகாத மருந்து ஏதும் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஆதார் நகல்களோடு ஒரே ஃபைலில் வையுங்கள். இங்கிருந்து திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. தாய்-சேய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி டாக்டர் எழுதிவிட்டால் அந்த ஃபைலோடு அப்படியே வண்டி ஏறலாம்.