கிட்டப் போனால் அடங்கிவிடும் கணினி

கேள்வி: விசுவமடுவில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியை. பேரன் ஏ.எல். படிப்பதற்காகக் கிளிநொச்சியில் பழைய கணினி ஒன்று வாங்கினோம், வின்டோஸ் 10. யாரும் தொடாத நேரத்தில் உள்ளே காற்றாடி இரைகிறது, சிவப்பு லைற் விடாமல் மின்னுகிறது. கிட்டப் போய் மவுசைத் தொட்டவுடன் அடங்கிவிடுகிறது. இடைக்கிடை ‘டுடுங்’ என்று ஒரு சத்தம். போன கிழமை ஒரு பெண்குரல் இங்கிலிசில் ஏதோ சொன்னது. கடையில் காட்டினால் வைரஸ், போமற் அடித்து இரண்டு சாமான் மாற்ற வேண்டும், 18,000 ரூபா என்கிறார்கள். யாரோ வெளியிலிருந்து எங்களைப் பார்க்கிறார்களா?

ரீச்சர், முதலில் அந்த 18,000 ரூபாவை அலுமாரியிலேயே வையுங்கள். தொட்டால் அடங்குகிறது என்று பயந்து எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்கு மனம் ஆறியது.

வின்டோஸுக்கு நாளாந்த வீட்டுவேலை உண்டு. வைரஸ் தேடும், புதுப்பித்தல்களை இறக்கும், கோப்புகளுக்கு அட்டவணை போடும். நீங்கள் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது இதையெல்லாம் தொடங்கினால் கணினி நத்தையாகிவிடும். அதனால் சில நிமிடம் ஆள் அசைவில்லை என்றால் தொடங்கும். மவுஸ் அசைந்தால் அப்படியே போட்டுவிட்டு ஒதுங்கும். எல்லோரும் படுத்தபிறகு குசினி கூட்டுகிற அம்மாவை நினைத்துப் பாருங்கள். யாராவது எழும்பி வந்தால் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு ‘என்ன, தண்ணி வேணுமோ?’ என்று கேட்பா. அதேதான்.

இதற்கு மைக்ரோசொப்ட் குறித்துவைத்திருக்கிற நேரம் அதிகாலை 2 மணி. விடிய விடியக் கணினியைப் போட்டுவைக்கிற யாரோ ஒருவரை மனதில் வைத்துக் குறித்தது. நம்மூரில் ஒன்பது மணிக்குச் சுவர் சுவிட்சையும் நிற்பாட்டிவிட்டுத்தான் படுக்கிறோம். ஆகவே வேலை தவறிப்போகிறது. அடுத்தநாள் நீங்கள் தேத்தண்ணி ஊற்ற எழும்புகிற இடைவெளியில் அது தொடங்கும். திரும்பி வந்து தொட்டால் நிற்கும். இரவு மறுபடி சுவிட்ச். கடைசியில் ஒரு வேலையும் முடிவதில்லை, தினமும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. உங்கள் பேய் இவ்வளவுதான்.

ஒரு நாள் அதை முடிக்க விடுங்கள். நெற் இணைப்போடு கணினியைப் போட்டு, ‘ஸ்லீப்’ ஆகாதபடி வைத்துவிட்டு, இரண்டு மூன்று மணித்தியாலம் கிட்டப் போகாதீர்கள். டொங்கிளில், அதாவது யூஎஸ்பியில் குத்துகிற நெற் குச்சியில், இணைத்திருந்தால் டேட்டா கரையும், இரவுப் பக்கேஜ் இருந்தால் அந்த நேரத்தில் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி முழங்கும் நாளில் மட்டும் இந்தப் பரீட்சை வேண்டாம். அந்த நாட்களில் பிளக்கைக் கழற்றிவைப்பதுதான் சரி.

என்ன ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். ‘டிஸ்க்’ என்ற தலைப்பில் ஒரு தட்டுத் தட்டினால் அதிகம் ஓடுவது மேலே வரும். அப்படியே திறந்துவைத்துவிட்டுக் கதிரையைப் பின்னுக்கு இழுத்து, கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். ஆன்டிமல்வெயார் சேர்விஸ், வின்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டோலர், சேர்ச் இன்டெக்சர் என்ற பெயர்கள் வந்தால் எல்லாம் வீட்டு ஆட்கள்.

‘டுடுங்’ என்பது யூஎஸ்பியில் ஏதோ கழன்று பூட்டுப்படுகிற சத்தம். கிணற்று மோட்டர் போடும்போது, குளிர்சாதனப்பெட்டி தொடங்கும்போது வருகிறதா என்று கவனியுங்கள். மின்னழுத்தம் ஒரு கணம் விழ, இளகியிருக்கும் டொங்கிளோ பிரிண்டரோ விட்டுப் பிடிக்கும். அதைக் கழற்றிப் பின்பக்கத் துளையில் இறுக்கமாகக் குத்துங்கள்.

பெண்குரல் பெரும்பாலும் விளம்பரம். பேரன் ஏதோ ஒரு தளத்தில் ‘அலவ்’ என்ற பொத்தானை அழுத்தியிருப்பான். இல்லை, எங்கோ ஒரு பக்கத்தை மூடாமல் விட்டிருப்பான். குரோமின் செற்றிங்சில் நொட்டிபிகேஷன் பகுதிக்குப் போய்த் தெரியாத தளங்களை எல்லாம் நீக்கச் சொல்லுங்கள். குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓட விடுகிற ஒரு சுவிட்ச் ‘சிஸ்டம்’ பகுதியில் இருக்கிறது, அதையும் நிற்பாட்டட்டும். கமரா மீது பயமென்றால் அதன் வயரைக் கழற்றிவிடுங்கள், வேலை முடிந்தது.

சரி, கடைக்கு வருவோம். எனக்கு வயிறு எரிவது இங்கேதான்.

நமது பக்கத்தில் எந்த வருத்தத்துக்கும் ஒரே மருந்து ‘போமற்’, அதாவது டிஸ்கில் இருப்பதை அழித்துவிட்டு வின்டோஸைப் புதிதாகப் போடுவது. காற்றாடி இரைந்தால் போமற், ஸ்பீக்கர் வேலை செய்யாவிட்டால் போமற். சோளகக் காற்றில் செம்மண் புழுதி, வெட்டு மெசின் ஓடும் காலத்தில் வைக்கோல் தூள், இரண்டும் போய்க் காற்றாடியை அடைத்திருக்கும்; பல்லி செத்துக் கிடந்ததையும் நான் எடுத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்து, பென்சிலால் காற்றாடி இதழைப் பிடித்துக்கொண்டு ஊதினால் அரை மணித்தியால வேலை. ஆனால் ஊதுவதற்கு 18,000 கேட்க முடியாது பாருங்கள்.

போமற் அடித்துவிட்டு அவர்கள் போடுகிற வின்டோஸ்தான் உண்மையான ஆபத்து. காசு கொடுத்து வாங்காத வின்டோஸை அசல் மாதிரிக் காட்ட ஒரு ‘அக்டிவேற்றர்’ ஓட்டுவார்கள். அது ஓடுவதற்கு முதலில் வைரஸ் காவலாளியான டிபென்டரை நிற்பாட்ட வேண்டும். கதவைத் திறந்துவிட்டுத்தான் பூட்டுத் திருத்துகிறார்கள். அதோடு சேர்ந்து வருகிற சாமான்களில் ஒன்று, உங்கள் கணினியை வைத்து வேறு யாருக்கோ டிஜிட்டல் காசு தோண்டுகிறது. அதுவும் ஆளில்லாத நேரம் பார்த்து ஓடும். சிலது டாஸ்க் மனேஜரைத் திறந்தவுடன் ஒளிந்துகொள்ளும். வீட்டுவேலை மாதிரியே நடிக்கிறதே, எப்படிப் பிரித்தறிவது? வீட்டுவேலை ஒருநாள் முடிய விட்டால் ஓயும். இது ஆளில்லாத நேரமெல்லாம், கிழமை முழுக்க ஓயாது, மின்கட்டணமும் கூடும். நான் சொன்ன இரண்டு மூன்று மணித்தியாலப் பரீட்சை இரண்டு மூன்று நாள் செய்தும் இரைச்சல் குறையவில்லையென்றால், வின்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஒப்லைன் ஸ்கான்’ என்றிருப்பதை ஓட விடுங்கள். கணினி தானாக நின்று தொடங்கி, கிட்டத்தட்ட 15 நிமிடம் தேடும். பாதிக் கடைகள் இதைச் சொல்வதேயில்லை. சொன்னால் பெட்டி கடைக்கு வராது.

திரையில் ‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்’ என்று வந்தால் அழைக்கவே கூடாது. தூரத்திலிருந்து பார்க்கிறேன் என்று ஒரு மென்பொருளை இறக்கச் சொல்பவனையும் நம்பாதீர்கள். இத்தனை நாள் இல்லாத ஆளை அன்றைக்குத்தான் நாமே வீட்டுக்குள் விடுகிறோம்.

கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கொடுக்குமுன் டாஸ்க் மனேஜரின் ‘பேர்போமன்ஸ்’ பக்கத்தைக் கைத்தொலைபேசியால் படமெடுங்கள். மெமரி எவ்வளவு என்று அதில் இருக்கும். 8 ஜிபியாகப் போன றாம் 4 ஆகத் திரும்பிவந்த கணினிகளைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் ‘அப்படித்தான் இருந்தது’ என்பார்கள். துண்டில் எழுதி வாங்கினால்தான் வாய் பேசலாம், அந்தத் துண்டையும் பலர் தருவதில்லை.

வின்டோஸ் 10க்கு வழமையான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. டிபென்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும் என்கிறார்கள். 11க்கு மாறச் சொல்கிறார்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிட்ட பெட்டிகள்தானே ஏ9 வழியாக இங்கே வந்து இறங்குகின்றன. நல்லாக ஓடுகிற இயந்திரத்தைக் குப்பை என்று தூரத்தில் இருந்து ஒருவன் தீர்ப்பெழுதுகிறான், நாம் என்ன செய்வது.

இனி ஒரேயொரு சத்தம். இதற்கு மட்டும் நான் சொன்ன எதுவும் பொருந்தாது, பொறுமையாகப் படியுங்கள். பெட்டியின் மேல் காதை வையுங்கள். காற்றாடியின் ‘விர்’ வேறு. சிறிய ‘கிறுகிறு’ என்பது ஹாட் டிஸ்க் வாசிக்கிற சத்தம், பிரச்சினை இல்லை. நிற்பாட்டும்போது ஒரேயொரு ‘டக்’ கேட்டாலும் பயமில்லை, உள்ளே ஊசி போய் இருக்கையில் அமர்கிறது. ஆனால் ‘டக்… டக்… டக்’ என்று மணிக்கூடு மாதிரி ஒரே சீரில் கேட்டு, அதே நேரம் திரையும் உறைந்து நின்றால், டிஸ்க் சாகிறது. அப்போது வைரஸ் தேடாதீர்கள், போமற் அடிக்க விடாதீர்கள், டிஸ்கைத் திருத்துகிறேன் என்று எந்த மென்பொருளையும் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு ஓட்டமும் மிச்சமிருப்பதையும் சுரண்டும். சத்தம் இப்போதுதான் தொடங்கி, கோப்புகள் இன்னும் திறக்கின்றன என்றால் முதலில் பென்டிரைவைக் குத்திக் காணி உறுதி, பிறப்புப் பத்திரம், படங்கள் என்ற ஒழுங்கில் பிரதி எடுங்கள். படங்களை நான் சும்மா சொல்லவில்லை. 2009இல் அல்பங்களை விட்டுவிட்டு வந்த சனம் நாம். வெளிநாட்டுச் சொந்தங்கள் ஸ்கான் பண்ணி அனுப்பிய கலியாணப் படம் இன்றைக்குப் பல வீடுகளில் ஒரேயொரு ஹாட் டிஸ்கில்தான் கிடக்கிறது. கோப்பு திறக்கவே இல்லையென்றால் அந்த நிமிடமே நிற்பாட்டி, டேட்டா மீட்கத் தெரிந்த ஆள் கிடைக்கும்வரை போடாமல் வையுங்கள்.

பிரதி எடுத்த பிறகு ஹாட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி ஒன்று போடலாம். அதில் சுழலும் பாகமே இல்லை, சத்தமும் இல்லை. உங்களிடம் 18,000 கேட்ட கடையிலேயே கூட மாற்றுங்கள், ஆனால் பேரனைப் பக்கத்தில் நிறுத்துங்கள். கழற்றிய பழைய டிஸ்கை மட்டும் கையோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.