ஃப்ரீசரில் தாய்ப்பால்

கேள்வி: அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். பம்ப் மூலம் எடுத்த தாய்ப்பாலை எவ்வளவு காலம் சேமிக்கலாம்? (வாசகி, மதுரை)

பதில்: நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு உரிய பால், 25 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரமும் ஃப்ரிட்ஜில் 4 நாள்களும் கெடாது, மதுரை வெயிலில் அறை அந்த அளவைத் தாண்டிவிடும் என்பதால், எடுத்தவுடன் குளிரூட்டுவதே நல்லது. தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் 6 மாதம் வரை வைக்கலாம். ஒற்றைக் கதவுப் பெட்டியின் உள்ளறையை, மின்வெட்டும் சேர்ந்துகொண்டால், நான் அவ்வளவு நம்பமாட்டேன். உறையும்போது பால் விரியுமாதலால், 60 முதல் 120 மில்லி வரை ஊற்றி, மேலே சற்று இடம் விட்டு, தேதி எழுதி, உட்புறமாக வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து முழுமையாக உருகிய பாலை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மீண்டும் உறையவைக்கக் கூடாது. சூடு சீராகப் பரவாத மைக்ரோவேவைத் தவிர்த்து, பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள்.