பணம் வந்த தேதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் காசிமேட்டைச் சேர்ந்தவன்; வீட்டில் முதல் பட்டதாரி. உயர்கல்வியில் சமத்துவம், அதற்கான அரசுக் கொள்கைகள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். இத்துறையை நம்பி வாழ முடியுமா? வெளிநாடு செல்வது நல்லதா? எங்கள் தெருவில் பார்த்ததையெல்லாம் ஆய்வு என்று யார் ஏற்பார்கள்?

க.

அன்புள்ள க.,

வெளிநாடா உள்நாடா என்பதை உதவித்தொகை கிடைக்கும் இடம் முடிவு செய்யட்டும். உங்கள் கடைசிக் கேள்விதான் என்னைக் கோபப்படுத்தியது. தெருவைப் பார்க்காமல் எழுதப்பட்ட ‘சமூகநீதி: ஒரு பார்வை’ வகை ஆய்வேடுகள் போதும், அந்த அடுக்கில் நீங்களும் ஒன்றைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது 18-23 வயதினரின் எண்ணிக்கைக்கு உயர்கல்வியில் சேர்ந்திருப்போரின் விகிதம், 47 விழுக்காடு. இந்திய அளவில் 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால், பாதியில் போனவன் எந்த மாதத்தில், எதனால் போனான் என்பதை அந்த எண் சொல்லாது.

2003இல் வடசென்னைக் கல்லூரி ஒன்றில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவனும் உங்கள் காசிமேட்டுக்காரன்தான். அவன் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் 45 நாள் மீன்பிடித் தடை (2017 முதல் அது 61 நாள்). வீட்டில் கையிருப்பெல்லாம் கரைந்திருந்த ஜூனில் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கேட்டார்கள். உதவித்தொகை வந்ததும் கட்டிவிடுகிறேன் என்று அலுவலக ஜன்னலில் போய் நின்றான். “அடுத்த வாரம் வா” என்றார்கள். ஆகஸ்டில் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போய்விட்டான். ஜனவரியில் உதவித்தொகை பெறுவோர் பட்டியலை ஒட்டினார்கள்; ஏழாவது பெயர் அவனுடையது. வருகைப் பதிவேட்டில் அதே பெயரின்மேல் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தது.

தொகை குறையவில்லை, விதி மீறப்படவில்லை, எவரும் அவனைப் போகச் சொல்லவில்லை. பணம் வந்த தேதி மட்டும் தவறு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்காக 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆயிரம் ரூபாய் என்பதைவிட ‘மாதந்தோறும்’ என்ற சொல்லையே நான் பெரிதாக மதிக்கிறேன். எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதும் கொள்கை அறிஞர்கள், எப்போது கொடுத்தோம் என்பதை ஏன் கேட்பதில்லை?

நீங்கள் கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், தேதிகள் போதும்: விண்ணப்பித்த நாள், தொகை ஒப்பளித்த நாள், கைக்கு வந்த நாள், பெயர் நீக்கிய நாள். கல்லூரிகள் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தடைக்காலத் தேதிகளை உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அட்டவணையின் முதல் கட்டத்தில் அவற்றை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.