ஒரு மாநகராட்சியால் உணவு விஷயத்தில் உண்மையில் என்ன செய்ய முடியும்?

குப்பை அள்ளுவதும் குழாய் போடுவதும்தானே மாநகராட்சியின் வேலை, உணவில் அதற்கு என்ன பங்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பிரேசிலின் பெலோ ஒரிசோன்ச்சி நகரைப் பாருங்கள். 1993இல் மேயர் பத்ருஸ் அனனியாஸ் உணவு வழங்கலுக்கென்றே தனித் துறை தொடங்கினார்.

எனக்குப் பிடித்தது அவர்கள் கடைக்காரர்களோடு போட்ட ஒப்பந்தம். நல்ல இடத்தில் மாநகராட்சி நிலத்தில் கடை போடலாம்; ஆனால் சுமார் இருபது காய்கனிகளை மாநகராட்சி சொல்லும் மலிவு விலைக்கே விற்க வேண்டும். மற்றவை கடைக்காரர் விருப்பம். வார இறுதியில் ஏழைக் குடியிருப்புகளுக்கும் வண்டி கொண்டுபோய் விற்றாக வேண்டும். பெரிய மானியச் செலவு இல்லை. கையிலிருக்கும் இடம்தான் முதலீடு. சுற்றுவட்டார விவசாயிகளுக்கும் இடைத்தரகரின்றி நகருக்குள் விற்க இடம் ஒதுக்கினார்கள்.

அந்த நகரின் மலிவு விலை மக்கள் உணவகங்களில் யாரும் வறுமைச் சான்று காட்ட வேண்டியதில்லை. 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்திலும் அப்படித்தான்: ஒரு ரூபாய் இட்லிக்கு ரேஷன் அட்டை கேட்பதில்லை. ஆனால் அம்மா உணவகத்துக்கு அரிசியும் பருப்பும் யாரிடமிருந்து வாங்கப்படுகின்றன என்பதை விவசாயியோடு யாரும் இணைத்துப் பார்க்கவில்லை என்பது என் குறை. பிரேசிலிலோ, பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்யச் செலவிட வேண்டும் என்று 2009இல் வந்த சட்டம் விதித்தது.