நீலக் கடல் டிராகன் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? கரையில் கண்டால் எடுத்துப்போய் வளர்க்கலாமா?

இருக்கிறது. வளர்க்க முடியாது. வெறுங்கையால் தொடவும் வேண்டாம்.

வீடியோக்களில் உள்ளங்கை நிறையத் தெரியும் அந்த நீல டிராகன் நேரில் 3 சென்ரிமீற்றர் இருந்தாலே பெரிது. குளோக்கஸ் அட்லாண்டிகஸ் என்பது அறிவியல் பெயர். ஓடில்லாத கடல் நத்தை, அவ்வளவுதான். காற்றுக் குமிழியை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் நீர்மட்டத்தில் மல்லாந்து மிதக்கும். நாம் படத்தில் ரசிக்கும் அந்த நீலம் அதன் அடிப்பக்கம். மேலே பறக்கும் பறவைக்குக் கடலோடு கடலாகத் தெரியும். முதுகு வெள்ளிச் சாம்பல் நிறம். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு அது வானத்தின் வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

இதை மூர்க்கமான பிராணி என்று சிலர் சொல்வது அதன் சாப்பாட்டை வைத்துத்தான். போர்த்துக்கேயப் போர்க்கப்பல் என்று ஒரு மிதக்கும் உயிரி இருக்கிறது. பார்வைக்குச் சொறிமுட்டை (ஜெல்லிமீன்) போல இருக்கும், ஆனால் அந்த இனம் இல்லை. நீலப் பலூன் மாதிரி மேலே மிதக்க, கீழே கொடுக்கு இழைகள் பல மீற்றர் நீளத்துக்குத் தொங்கும். இந்தக் குட்டி டிராகன் அதை ஒட்டிப் பிடித்துக்கொண்டு கடித்துக் கடித்துத் தின்னும். தின்னும்போது அந்த இழைகளில் உள்ள, தொட்டால் வெடித்து நஞ்சேற்றும் கொடுக்கு அணுக்கள் எல்லாவற்றையும் செரித்துவிடுவதில்லை. அடுத்தவன் வீட்டுப் பட்டாசை வெடிக்காமல் களவெடுத்துத் தன் சட்டைப்பையில் அடுக்குவது போல, அவற்றைத் தன் உடலிலிருந்து விரியும் விரல்களின் நுனியில் சேர்த்து வைக்கும். சேர்ந்து குவிந்திருப்பதால் இதன் கடுப்பு, இரையின் கடுப்பை விடவும் மோசமாக இருக்கலாம். இரை கிடைக்காவிட்டால் தன் இனத்தையே தின்னும். இன்னொன்று: ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும்தான். இணைந்தபின் இரண்டுமே முட்டையிடும். தின்று மிஞ்சிய இரையின் உடலிலேயே முட்டைச் சரத்தை ஒட்டிவிட்டுப் போவதும் உண்டு.

சரி, மனிதருக்குப் பக்கத்தில் இது எப்படி வருகிறது? அதாக வருவதில்லை, காற்றுத்தான் கொண்டுவந்து தள்ளுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர் கரையில் ஒதுங்கியது செய்தியானது. 2025 ஆகஸ்டில் ஸ்பெயினில் குவார்தமார் தெல் செகுரா என்ற ஊரில் இதற்காகவே கடலில் குளிக்கத் தடை போட்டார்கள். நம் மட்டக்களப்புக் கரை கிழக்கைப் பார்த்தது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மிதப்பவற்றை வெளியே தள்ளும். மாரியில் வாடைக்காற்று கரைக்குத் தள்ளும். ஆகவே பார்த்து நடக்க வேண்டிய காலம் மாரி.

கல்லடிக் கடற்கரையில் ஒரு மாரிக்காலம் என் மருமகன் சிரட்டையில் எதையோ அள்ளிக்கொண்டு, "மாமா, நீலப் பூ!" என்று ஓடி வந்தான். பூவில்லை, நீலப் பொத்தான் என்கிற மிதவை உயிரி. நாணயம் போல் வட்டமாக, சுற்றிலும் நீலக் குஞ்சத்தோடு இருக்கும். அதன் கடுப்பு லேசானது. ஆனால் டிராகன் அதையும் தின்னும். இரண்டும் ஒரே காற்றில் பயணிக்கிறவை. நீலப் பொத்தான் சிதறிக் கிடக்கும் நாளில் பிள்ளைகளைச் செருப்போடு நடக்கச் சொல்லுங்கள்.

வளர்ப்பது ஏன் முடியாது என்றால், தினமும் போர்த்துக்கேயப் போர்க்கப்பலுக்கு எங்கே போவீர்கள்? கரையில் ஒதுங்கியதைத் திரும்பக் கடலில் விட்டால் பிழைக்குமா என்றும் சிலர் கேட்பார்கள். மாரி அலை அடுத்த நிமிடமே திருப்பி எறியும். மனம் கேட்காவிட்டால் சிரட்டையால் அள்ளி விடுங்கள், கையால் வேண்டாம். செத்துக் கிடந்தாலும் கொடுக்கு அணுக்கள் வெடிக்கும்.

பட்டுவிட்டால் மணலால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் மிச்சமிருப்பதும் வெடிக்கும். கடல் தண்ணீரால் கழுவுங்கள். ஒட்டியிருப்பதைச் சாவணத்தால் எடுத்துவிட்டு, தோல் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்திருங்கள். கடுப்பும் சிவப்பும் வரும், சிலருக்குக் குமட்டல், வாந்தியும் வரலாம். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ வெந்நீரோடு மினக்கெடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.