மடியில் வைத்து மீட்டும் டல்சிமர்: எதைப் பார்த்து வாங்குவது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஒரே வாத்தியத்தைப் பற்றியவை: அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் உருவான மவுண்டன் டல்சிமர். மடியில் கிடத்தி வாசிக்கும் மெல்லிய மரப்பெட்டி; மூன்று அல்லது நான்கு கம்பித் தந்திகள். கென்டக்கி மாநிலம் 2001-ல் இதைத் தன் அதிகாரபூர்வ வாத்தியமாகவே அறிவித்தது. மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டு, அதற்குப் பிறகு எனக்கு எழுதுகிறார்கள். வாங்குவதற்கு முன் எழுதியவர்களில் ஒருவருக்கே முதலிடம் தருகிறேன்.

கேள்வி: வட கரோலினாவில் ஷார்லட்டில் வசிக்கிறோம். ஆஷ்வில் பக்கம் போனபோது ஒரு நினைவுப்பொருள் கடையில் டல்சிமர் பார்த்தேன். மேற்பலகையில் இதய வடிவத் துளைகள், ஓரமெல்லாம் பூவேலை, விலை 180 டாலர். "பத்து நிமிடத்தில் யாரும் வாசித்துவிடலாம்" என்றார் கடைக்காரர். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. வாங்கலாமா?

பதில்: பத்து நிமிடம் என்று அவர் சொன்னது முழுப் பொய் அல்ல. கிட்டாரைப் போல எல்லா அரைச்சுரங்களுக்கும் இதில் மெட்டுகள் (தந்திக்கு அடியில் குறுக்கே பதித்த கம்பிகள்) கிடையாது. ஏழு சுர வரிசைக்கு வேண்டியவை மட்டும்தான். உங்களுக்கு மிக அருகில் இருக்கும் தந்தியில் பாட்டை வாசிக்கிறீர்கள், மற்றவை தம்புரா போலச் சுருதி கூட்டுகின்றன. அபசுரம் விழ வாய்ப்பு குறைவு. ஆனால் இதெல்லாம் மெட்டுகளைச் சரியான இடத்தில் பதித்த வாத்தியத்துக்குத்தான் பொருந்தும். ஓரிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பதித்துவிட்டால், பத்து வருடம் வாசித்தாலும் சுருதி சேராது. நினைவுப்பொருள் கடைகளில் தொங்கும் பல டல்சிமர்கள் தொங்குவதற்காகவே பிறந்தவை.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கைபேசியில் சுருதி காட்டும் டியூனர் செயலி ஒன்று இருந்தால் போதும். தந்தியை முறுக்கும் பிரடைகள் உள்ள தலைப்பகுதி உங்கள் இடது கைப் பக்கம் வருமாறு மடியில் வையுங்கள். இடதிலிருந்து ஏழாவது மெட்டு தந்தியின் சரிபாதியில் இருக்கும். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே ஒரு கூடுதல் மெட்டு இருந்தால் அது ஆறரை; அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ஏழாவது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டுக்கொண்டு மீட்டினால் மணி அடித்தாற்போல ஒலிக்கும். அடுத்து, அதே மெட்டுக்குச் சற்று இடப்புறம் நன்றாக அழுத்தி மீட்டுங்கள். டியூனரின் முள் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அழுத்தும்போது சுருதி ஏறிவிட்டால், வலது கோடியில் தந்திகளைத் தாங்கும் குதிரை நகர்த்தக்கூடியதா என்று கேளுங்கள். நகர்த்த முடியுமென்றால் அதை இம்மியளவு வலப்பக்கம் தள்ளிச் சரிசெய்யலாம். ஒட்டப்பட்ட குதிரையாக இருந்து முள்ளும் விலகினால், பூவேலையை ரசித்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது தந்தியின் உயரம். அமெரிக்க வாசிப்பாளர்கள் சில்லறைக் காசையே இதற்கு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். பத்து சென்ட் காசை முதல் மெட்டை ஒட்டி, மெட்டுகள் பதித்த விரற்பலகையின் மேல் படுக்க வைத்தால், தந்தி அதைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஏழாவது மெட்டின் தலையிலேயே ஐந்து சென்ட் காசை வைத்தாலும் அப்படித்தான். தந்தி அதைவிட மிக உயரமாக இருந்தால் ஒரு வாரத்தில் விரல் நுனி வீங்கும், பெட்டி பரணுக்குப் போகும்.

மரத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் நீட்டி முழக்குவார்கள். வால்நட், செர்ரி இரண்டும் அந்த மலைப்பகுதியின் வழக்கமான மரங்கள், இரண்டும் நல்லவை. ஒட்டுப்பலகையில் செய்த உடலும் தொடக்கத்துக்குக் குற்றமில்லை. தடித்த அட்டையில் செய்த உடலும் மரத்தில் செய்த விரற்பலகையும் கொண்ட மாணவர் டல்சிமர்கள் நூறு டாலரையொட்டிக் கிடைக்கின்றன. பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் மெட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. நீங்கள் சொல்லும் 180 டாலர் அலங்காரத்தையும் இதையும் என் முன் வைத்தால், நான் அட்டையைத்தான் எடுப்பேன். முந்நூறு முதல் ஐந்நூறு டாலர் வரை செலவழிக்க மனமிருந்தால், டல்சிமர் மட்டுமே செய்யும் சிறு பட்டறைகளில் வாழ்நாளுக்குப் போதுமான ஒன்று கிடைக்கும். அதற்கு முன், உங்கள் ஊரில் டல்சிமர் குழு இருக்கிறதா என்று பாருங்கள். புதியவர்களுக்கு இரவல் கொடுக்க உபரி வாத்தியம் வைத்திருக்கும் குழுக்கள் உண்டு.

பழம்பொருள் கடைகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பழைய டல்சிமர்கள் பலவற்றில் வளைத்த கம்பித் துண்டுகளே மெட்டுகள். அவையும் பாட்டு வாசிக்கும் தந்திக்கு அடியில் மட்டும் இருக்கும். கென்டக்கியின் நாட் கவுண்டியில் வாழ்ந்த ஜே. எட்வர்ட் தாமஸ் போன்றவர்களின் கைவேலைக்குச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். கற்றுக்கொள்ள வருபவருக்கு அது வேண்டாத செலவு.

கேள்வி: டல்சிமர் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. இடது கைக்குச் சுரங்கள் பிடிபட்டுவிட்டன. ஆனால் மீட்டினால் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது, தாளமும் நிற்பதில்லை. விற்றவரிடம் கேட்டால், 35 டாலருக்குச் சிறப்புப் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) தொகுப்பும் 299 டாலருக்கு இணைய வகுப்பும் வாங்கச் சொல்கிறார்.

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள், குறைந்தது இப்போதைக்கு.

முதலில் பிக். கிட்டாருக்கு வாங்கிய தடித்த பிக்கை வைத்து மீட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மலைக்காரர்கள் அந்தக் காலத்தில் வான்கோழி அல்லது வாத்து இறகின் தண்டைச் சீவி, அதனால் மீட்டினார்கள். தந்திமேல் படும்போது அது வளைந்து கொடுக்கும். உங்களுக்கு வேண்டியதும் அந்த வளைவுதான். அரை மில்லிமீட்டரோ அதற்கும் மெலிதாகவோ உள்ள பிக் எந்த இசைக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். காப்பி டப்பாவின் பிளாஸ்டிக் மூடியை வெட்டிக்கூடப் பலர் செய்துகொள்கிறார்கள்.

பிடிப்பும் முக்கியம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிக்கை வைத்து, நகத்தின் நுனியளவு மட்டும் வெளியே தெரியவிடுங்கள். நிறைய நீட்டிக்கொண்டிருந்தால் அது தந்திகளுக்கிடையே போய் மாட்டிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் தகரச் சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. தந்திகளின் முதுகைத் தடவிக்கொண்டு போவதுபோல் போக வேண்டும். மீட்டும் இடத்தையும் கவனியுங்கள். விரற்பலகையின் வலது கோடியில், மெட்டுகள் முடிந்த பிறகு, மரத்தைக் குடைந்து ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். அது மீட்டுவதற்காகவே செய்தது. குதிரைக்கு மிக நெருங்கினால் ஒலி கடுமையாகும்.

தாளத்துக்கு வருவோம். இடது உள்ளங்கையை எல்லாத் தந்திகளின் மேலும் லேசாக வைத்து ஒலியை அமுக்கிவிடுங்கள். இப்போது வலது கை மட்டும். இந்த வாத்தியத்தின் அடிப்படை மீட்டு, நம் சொற்கட்டில் சொன்னால் "தாம் தக தாம் தக". தாம் நீளம், தக இரண்டும் குறில். "தாம்" என்னும்போது உங்கள் உடம்பிலிருந்து வெளிப்பக்கம் மீட்டுங்கள். "த" மறுபடி வெளிப்பக்கம். "க" உட்பக்கம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "தாம்" முடிந்ததும் கை சும்மா நிற்கக் கூடாது. தந்தியைத் தொடாமல் காற்றில் உட்பக்கம் திரும்பி வர வேண்டும். அதாவது கை ஓயாமல் வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே என்று போய்க்கொண்டே இருக்கிறது. நான்கில் ஒரு வீச்சு மட்டும் வெறுமையாகப் போகிறது. அந்த வெறும் வீச்சை விட்டுவிடுவதால்தான் உங்கள் தாளம் நிற்பதில்லை. முதல் வீச்சை உட்பக்கமாகத் தொடங்கச் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும் சரி, பாட்டின் நடுவில் மாற்றாதீர்கள்.

அமுக்கிய தந்திகளில் இது சலிக்கும்வரை பழகிய பிறகு உள்ளங்கையை எடுங்கள். இடது கையில் பென்சில் பருமனுள்ள மூங்கில் துண்டு ஒன்றைப் பிடித்து, அருகிலுள்ள தந்தியை மட்டும் மெட்டுக்குச் சற்று இடப்புறம் அழுத்திக்கொண்டு வழுக்கிப் போங்கள். நோட்டர் என்று கடையில் காசுக்கு விற்பதும் இப்படிப்பட்ட குச்சிதான். இடது கை தடுமாறித் தவறான இடத்தில் நின்றால் அந்தத் தவறான சுரம் ஒலித்துவிட்டுப் போகட்டும். வலது கையை மட்டும் அதற்காக நிறுத்தாதீர்கள்.

வாத்தியம் மடியில் வழுக்குகிறதா? அலமாரித் தட்டில் விரிக்கும் ரப்பர் வலைத்துண்டு ஒன்றை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்து தாளம் நிலைத்த பிறகு, வேண்டுமானால் வகுப்பைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: டி-ஏ-டி (தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை, மேற்கத்தியச் சுரப் பெயர்களில்) என்று சுருதி சேர்க்கும்போது மூன்று முறை தந்தி அறுந்துவிட்டது. விற்ற கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள். புகார் செய்யலாமா?

பதில்: அறுந்த தந்தியை எடுத்துப் பாருங்கள். மூன்று முறையும் ஒரே இடத்தில், அதாவது குதிரையிலோ தலைப்பக்கம் தந்தி உட்காரும் காடியிலோ அறுந்திருந்தால், அங்கே கூர்முனை இருக்கிறது. அது செய்தவரின் குறை. இலவசமாகத் தேய்த்துத் தரும்படி கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. பிரடையை முறுக்க முறுக்கக் கண்ட இடத்தில் அறுந்திருந்தால், நீங்கள் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுகிறீர்கள். செயலி "டி" என்று காட்டும், எந்த டி என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. டல்சிமரின் தடித்த டி, கிட்டாரின் நான்காம் தந்தியின் டி. மெல்லிய டி, கிட்டாரின் இரண்டாம் தந்தியை மூன்றாவது மெட்டில் அழுத்தினால் வருவது. டி-ஏ-ஏ சுருதிக்கென்று சற்றுத் தடித்த தந்தி போட்டு வந்திருக்கவும் கூடும். அப்படியானால் 0.010 முதல் 0.012 அங்குலம் வரை உள்ள தந்தியை வாங்கிப் போடுங்கள். தந்தி தேயும் பொருள் என்பதால் உத்தரவாதத்தில் பொதுவாகச் சேராது. இதற்குப் புகார் எழுதிப் பயனில்லை.

கேள்வி: மகள் கர்நாடக சங்கீதம் கற்கத் தொடங்கியிருக்கிறாள். சரளி வரிசையை டல்சிமரில் வாசித்துப் பழக வைக்கலாமா?

பதில்: சரளி வரிசை மாயாமாளவகௌளையில் அல்லவா இருக்கிறது? அதற்கு வேண்டிய சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் அந்தந்த இடத்தில் கிடைக்கும்படி இதன் மெட்டுகள் அமையவில்லை. அந்த நோக்கத்துக்காக வாங்காதீர்கள்.

வேறு ராகங்கள் தாமாகவே வந்து உட்காருகின்றன. டி-ஏ-டி சுருதியில் திறந்த தந்தியை ஷட்ஜமாக வைத்தால் அரிகாம்போதி. ஆறாவது மெட்டுக்குப் பதில் ஆறரையைத் தொட்டால் சங்கராபரணம். அதே சுருதியில் 1, 2, 4, 5, 7 மெட்டுகளை மட்டும் தொட்டால் மோகனம். டி-ஏ-ஏ சுருதியில் மூன்றாவது மெட்டிலிருந்து தொடங்கினாலும் சங்கராபரணம்தான், ஆனால் கீழ்ப் பஞ்சமம்வரை இறங்க இடம் கிடைக்கும். பாட்டுத் தந்தியை சி-க்கு இறக்கி முதல் மெட்டிலிருந்து போனால் நடபைரவி, ஜி-க்கு இறக்கி நான்காவதிலிருந்து போனால் கரகரப்பிரியா. கமகத்தை எதிர்பார்க்காதீர்கள். பன்னிரண்டு சுரங்களுக்கும் மெட்டு வைத்த டல்சிமர்களும் விற்பனைக்கு உண்டு. என்னைக் கேட்டால், அதை வாங்குவதற்குப் பதில் வீணைக்கே பணம் சேர்க்கலாம்.

கேள்வி: சிறு பட்டறை ஒன்றிடம் இணையத்தில் முழுப் பணமும் கடன் அட்டையில் கட்டினேன். எட்டு வாரம் என்றார்கள். மூன்று மாதம் தாண்டிவிட்டது. "கைவேலை, பொறுமை வேண்டும்" என்றே பதில் வருகிறது. அமெரிக்காவில்தான் இருக்கிறேன்.

பதில்: கைவேலைக்குப் பொறுமை வேண்டும் என்பது உண்மை. சட்டத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இணையத்திலோ தபாலிலோ விற்பவர் சொன்ன காலத்துக்குள் பொருளை அனுப்ப வேண்டும் (காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள்) என்பது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி. முடியாவிட்டால் புதிய தேதியைச் சொல்லி, காத்திருக்கிறீர்களா, பணத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று உங்களிடம் கேட்க வேண்டும். உங்களிடம் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள்: ஆர்டர் செய்த தேதி, அவர்கள் சொன்ன எட்டு வாரம், நீங்கள் ஏற்கும் கடைசித் தேதி, அதற்குள் வராவிட்டால் ஆர்டர் ரத்து. தொலைபேசியில் சொன்னால் எழுத்தில் எதுவும் மிஞ்சாது.

கூடவே அட்டை நிறுவனத்துக்கும் இன்றே எழுதிவிடுங்கள். பொருள் வந்து சேரவில்லை என்று முறையிட, அந்தத் தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள் என்பது சட்டம் தரும் கெடு. உங்கள் கணக்கில் அது கடந்திருக்கலாம். ஆனாலும், பொருளே வராத விவகாரங்களில் வாக்களித்த தேதியிலிருந்து நாளை எண்ணும் அட்டை நிறுவனங்கள் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். ஓர் இணையக் கடையில் டல்சிமர் பாதி விலைக்கு வருகிறது. படத்தில் இரண்டு சிறு சுத்தியல்களும் உள்ளன. நம்பி வாங்கலாமா?

பதில்: அது வேறு வாத்தியம். சந்தூரின் உறவு, டஜன் கணக்கில் தந்திகள், தட்டி வாசிப்பது. நீங்கள் தேடுவதில் சுத்தியல் இருக்காது. வெளிநாட்டிலிருந்து சரியானதை வரவழைப்பதானால், சுங்க வரி உங்கள் தலையில் விழுமா, விற்பவர் தலையில் விழுமா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வரியைப் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்தே கணக்கிடுவார்கள்.